நிகோட்டின் சூயிங்கம்: சரியாக மென்று புகைப்பழக்கத்தை விடுவது எப்படி?

நிகோட்டின் சூயிங்கம் வாங்கி இரண்டு நாள் மென்றுவிட்டு, "விக்கல்தான் வருது, தம் ஆசை போகல" என்று அட்டையோடு தூக்கிப் போட்டவர்கள் ஏராளம். பெரும்பாலும் கோளாறு மென்ற விதத்தில்தான். சாதாரண சூயிங்கம் போல இதை விடாமல் மென்றால் வேலை செய்யாது. ஏன் என்று புரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

சிகரெட்டையும் பீடியையும் விடமுடியாமல் செய்வது நிகோட்டின். நுரையீரலையும் ரத்தக் குழாயையும் கெடுப்பதில் பெரும்பங்கு புகையிலுள்ள தாருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும்தான். சூயிங்கம் புகையில்லாமல், குறைந்த அளவு நிகோட்டினை மட்டும் மெதுவாகத் தருகிறது. புகை சில நொடிகளில் மூளையை எட்டும். இதற்கு 20, 30 நிமிடம் பிடிக்கும். எனவே தம் இழுத்த சுகம் கிடைக்காது. ஆனால் புகையை நிறுத்தியதால் வரும் எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல் ஆகியவை தணியும். அதுதான் இந்த மருந்தின் வேலை. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2022-இல் இது சேர்ந்தது.

1. முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டியவர்கள்

அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், இதயத் துடிப்புக் கோளாறு அல்லது அதிகரித்துவரும் நெஞ்சுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள் தாமாகத் தொடங்கக் கூடாது. தாடை மூட்டு வலியோ பல்செட்டோ இருந்தால் மெல்லுவது சிரமம். வாயில் வைத்துக் கரைக்கும் நிகோட்டின் மாத்திரையோ தோலில் ஒட்டும் பேட்ச்சோ பொருந்தும்.

2. 2 மி.கி.யா, 4 மி.கி.யா?

காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள்? அரை மணிக்குள் என்றால் 4 மி.கி., அதற்குப் பிறகு என்றால் 2 மி.கி. பீடிக்கும் இதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு எத்தனை என்று எண்ணுவதைவிட இது நம்பகமானது. 4 மி.கி.யை டாக்டர் சொல்லி வாங்குவதே நல்லது.

3. மெல்லும் முறை

மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, டீ, ஜூஸ், சோடா எதுவும் வேண்டாம். நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேர வேண்டும். வாயில் புளிப்புத் தன்மை ஏறினால் அது சேராது. டீக்கடையில் நின்று, ஒரு வாய் டீயும் ஒரு கடி சூயிங்கமுமாக இருந்தால் மருந்து வீண்.

ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மெல்லுங்கள். மிளகைக் கடித்தது போன்ற காரமோ, ஈறில் சுருசுருப்போ தெரிந்ததும் மெல்லுவதை நிறுத்துங்கள். துண்டைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவிடுங்கள். ஒரு நிமிடம் போல ஆனதும் காரம் குறையும். மறுபடி சில கடி, மறுபடி ஒதுக்கல், இந்த முறை வேறு பக்கம். மென்றாலும் காரம் தெரியாமல் போகும் வரை, சுமார் 30 நிமிடம், இதைத் தொடருங்கள். பிறகு துப்பிவிடலாம். அதுவரை எதையும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம்.

வேகமாக மென்றால் நிகோட்டின் மொத்தமாக எச்சிலில் இறங்கி வயிற்றுக்குப் போகும். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் எல்லாம் இதனால்தான். வயிற்றுக்குப் போனதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுவதால் ஆசையும் அடங்காது.

4. எத்தனை, எத்தனை நாள்?

முதல் 6 வாரம் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு துண்டு, நாளுக்குக் குறைந்தது 9. ஆசை பொங்கியபின் தேடுவதைவிடக் கடிகாரம் பார்த்துப் போடுவதே பலன் தரும், ஏனெனில் மருந்து ஏற அரை மணி ஆகிறது. 7 முதல் 9-ஆம் வாரம் வரை 2–4 மணி நேரத்துக்கு ஒன்று; 10 முதல் 12 வரை 4–8 மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு நாளில் 24 துண்டுக்கு மேல் கூடாது. உங்கள் அட்டையில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அந்த வரம்பே உங்களுக்கு.

காசு மிச்சம் என்று நாளுக்கு மூன்று நான்கோடு நிறுத்துவதும், மூன்றாம் வாரமே "விட்டாச்சு" என்று கைவிடுவதும்தான் பலரை மறுபடி பெட்டிக்கடைக்கு அனுப்புகின்றன.

5. உடம்பு சொல்வதைக் கவனியுங்கள்

தலைசுற்றல், வாந்தி, குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால் அளவு மிஞ்சிவிட்டது: துண்டைத் துப்பிவிட்டு டாக்டரைக் கேளுங்கள். நெஞ்சுவலி என்றால் உடனே மருத்துவமனை. எரிச்சலும் ஆசையும் நாள் முழுக்க நீடித்தால் அளவு போதவில்லை. அப்போது பேட்ச்சையும் சூயிங்கத்தையும் சேர்த்துத் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம். தனியாக ஒன்றைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல். பேட்ச்சைத் தினமும் வேறு இடத்தில் ஒட்டுங்கள். கனவுகள் தூக்கத்தைக் கெடுத்தால் படுக்கும்முன் கழற்றிவிடுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று: புகையிலுள்ள தார், கல்லீரல் சில பொருட்களைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டியிருக்கும். புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்து, அதே அளவு காபி குடித்தாலும் அதிலுள்ள ஊக்கப்பொருளான கஃபீன் உடம்பில் கூடுதலாகத் தங்கும். நடுக்கமும் தூக்கமின்மையும் வந்தால் சூயிங்கத்தைக் குறை சொல்லும் முன் காபியைப் பாதியாக்கிப் பாருங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநலத்துக்குக் குளோசபின் அல்லது ஓலான்சபின், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் புகையை நிறுத்தும் நாளை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் ரத்தச் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள்.

இடையில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் மருந்தை நிறுத்தாதீர்கள். அடுத்த துண்டை வழக்கமான நேரத்துக்கே போடுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை.

மென்று முடித்த துண்டிலும் நிகோட்டின் மிச்சமிருக்கும். காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுங்கள். அட்டையைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை மென்றுவிட்டால், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.