மலையாள போர்டு படிக்கப் பழகுவது: மூணு பிஸ்கட் டப்பா வழி

பாலக்காடு ஸ்டேடியம் ஸ்டாண்டில் ஒரு சாயங்காலம் கொழிஞ்சாம்பாறை பஸ் என்று நினைத்து ஏறி உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் நீந்தி கண்டக்டர் என்னிடம் வந்து சேர்வதற்குள் புதுநகரம் வந்துவிட்டது. "சேச்சீ, இது கொல்லங்கோட்டேக்கா" என்றார். இறங்கி, இருட்டில் எதிர் பஸ்ஸுக்கு நின்றபோது அழுகையும் சிரிப்புமாக வந்தது.

இரண்டு ஊர்ப் பெயரும் 'கொ'வில் தொடங்கும், இரண்டும் நீளம். எனக்குத் தெரிந்தது அந்த முதல் எழுத்து மட்டும். மீதியை வீட்டுக்குப் போகிற அவசரம் நிரப்பிக்கொண்டது. கண் கொஞ்சம்தான் எடுத்துக் கொடுக்கும், எதிர்பார்ப்பு பாக்கியைப் போட்டுக்கொள்ளும். புலன் காட்சி என்று உளவியல் பாடத்தில் படித்தது இதைத்தான்.

நான் கிணத்துக்கடவுப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து பதினோரு வருஷம். பேச்சு மலையாளம் ஆறே மாசத்தில் வந்துவிட்டது, எழுத்து மட்டும் வரவில்லை. பி.எட். பரீட்சையில், நினைவையும் மறதியையும் ஆராய்ந்த எபிங்ஹாஸ் பெயரை எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். அந்த ஆள் சொன்னதைச் செய்து பார்க்க ஒரு தப்பு பஸ் வேண்டியிருந்தது. நாலு மாசத்தில் படிக்க வந்தது. இப்போது தொழிலுறப்பு, அதாவது நம் நூறு நாள் வேலைக்குப் போகிற ஐந்தாறு பேருக்கு எங்கள் திண்ணையில் சொல்லித் தருகிறேன். அவர்களிடம் சொல்கிற வரிசையிலேயே இங்கேயும் சொல்கிறேன்.

முதலில், தெரிந்ததை எண்ணுங்கள். மலையாள எழுத்து கிரந்தத்திலிருந்து வந்தது. நம் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் அதே கிரந்தத்திலிருந்து எடுத்தவை. அதனால் ஜவும் ஷவும் பார்த்தவுடன் சொந்தக்காரர் மாதிரி இருக்கும். உ, ண, ள, ய கிட்டத்தட்ட நம் சாயல். 'எனக்கு ஒண்ணுமே தெரியாது' என்று உட்காருகிறவருக்கு முதல் நாளே ஏழெட்டு எழுத்து கையில் இருக்கும். புதியது பழையதன் மேல்தான் ஒட்டும்.

அடுத்து அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகையைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டுங்கள். ஒரு பக்கம் மலையாள எழுத்து, மறுபக்கம் தமிழ் எழுத்தும் ஒரு ஊர்ப் பெயரும். ஒரு நாளைக்கு நாலு புது அட்டை, அதற்கு மேல் வேண்டாம். ஒரே சமயத்தில் மனசு பிடித்துவைக்கும் சங்கதி ஏழு, ஒன்றிரண்டு கூடக் குறைய என்று 1956ல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதையும் நாலு அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். என் அனுபவத்திலும் நாலுதான்.

இனி டப்பா. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகைக்காரர் 1972ல் சொன்ன பெட்டி முறை இது. நான் அதைச் சுருக்கிக்கொண்டேன். முதல் டப்பாவைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கவேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தப்பினால், மூன்றாவதில் இருந்தாலும் முதலுக்கே திரும்பி வரும். எங்கள் திண்ணையில் அதற்கு 'ஃபெயில் ஆகிறது' என்று பெயர். அதில் யாருக்கும் வெட்கமில்லை.

எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885ல் புத்தகமாக வெளியிட்டவர். அவர் கணக்கில், ஒரு வரிசையை ஒரே நாளில் 68 தடவை சொன்னதற்குக் கிடைத்த பலன், மூன்று நாளில் பிரித்துச் சொன்னபோது 38 தடவையிலேயே கிடைத்தது. இடைவெளியில் கொஞ்சம் மறக்கவேண்டும். பாதி மறந்ததைத் தேடி எடுக்கிறபோதுதான் அது ஊன்றுகிறது.

இந்தத் தேடி எடுப்பதில்தான் எல்லாரும் ஏமாற்றுவார்கள், நானும் ஏமாற்றியிருக்கிறேன். அட்டையைப் பார்த்து, உடனே திருப்பி, "ஆமா, தெரியும்" என்று வைத்துவிடுவது. அது தெரிந்தது ஆகாது, பழகிய முகம், அவ்வளவுதான். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006ல் மாணவர்களுக்குப் பத்திகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷத்தில் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, ஒருமுறை படித்து மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம், படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 42. ஆகவே வாயால் சத்தமாகச் சொல்லாமல் அட்டையைத் திருப்பக்கூடாது. தெரியாவிட்டாலும் ஏதாவது சொல்லித் தொலையுங்கள்.

குழப்புகிற எழுத்துகளை ஒரே நாளில் எடுக்காதீர்கள். மலையாள ரகரமும் நெடில் 'ஆ'வுக்குப் போடும் கோடும் பார்வைக்கு அண்ணன் தம்பி. ஒன்று இரண்டாம் டப்பாவுக்குப் போனபிறகு மற்றதை உள்ளே விடுங்கள். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்து, வால் எந்தப் பக்கம் சுழிக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள்.

சொற்களிலும் இந்தக் குறுக்கீடு உண்டு. முன்னால் படித்தது பின்னால் படிப்பதைத் தள்ளிவிடும். வெள்ளம் இங்கே குடிக்கிற தண்ணீர், பனி என்றால் காய்ச்சல், அவசரம் என்றால் வாய்ப்பு. நோட்டீஸில் 'அவசரம்' என்று படித்துவிட்டு ஒரு அம்மிணி பதறிப்போய் என் வீட்டுக்கு ஓடி வந்தார். தையல் வகுப்பில் சேர வாய்ப்பு என்று போட்டிருந்தது.

காதுதான் எல்லாவற்றையும் விடக் கடினம். பாவம் என்று இரண்டு சொல் இருக்கிறது: ஒன்று 'ஐயோ பாவம்', மற்றது முகத்தில் தெரிகிற பாவம். நாம் இரண்டையும் ஒரே 'பா'வில் எழுதிவிடுவோம். மலையாளத்தில் இரண்டாவது வேறு எழுத்து, அடிவயிற்றிலிருந்து மூச்சு சேர்ந்து வரும். மூன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள், "அம்மா, ரெண்டும் வேற வேற!" என்று கத்துவாள். எனக்குக் கேட்கவே கேட்காது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984ல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாச வயசில் இந்தி மொழியின் தகர, டகர ஒலிகளைப் பிரித்தறிந்தன. பத்துப் பன்னிரண்டு மாசத்தில் அந்தத் திறமை பெரும்பாலும் போய்விட்டது. வீட்டில் தேவைப்படாததைக் காது கழித்துவிடுகிறது.

அதற்காகக் கதவு மூடிவிட்டது என்று விடவேண்டியதில்லை. ஜப்பானியர்களுக்கு ஆங்கில ரகர லகர வேறுபாட்டைப் பழக்கியபோது, பல பேர் குரலில் கேட்கவைத்தது பலன் தந்தது. நான் மகள், பால்காரர், பக்கத்து வீட்டுச் சேச்சி மூன்று பேரையும் பத்துப் பத்துச் சொல் சொல்லவைத்துப் போனில் பதிந்தேன். கேட்டு, எந்தப் 'பா' என்று சொல்லி, உடனே சரியா தப்பா என்று பார்த்துக்கொள்வது. இன்னமும் பத்தில் இரண்டு தப்புகிறது. போர்டு படிக்க அது போதும்.

எழுத்து ஓரளவு வந்ததும் ஊர்ப் பெயருக்குப் போய்விடுங்கள், அட்டையிலேயே தங்கிவிடவேண்டாம். சித்தூர் போர்டை எழுத்தெழுத்தாகக் கூட்டினால் 'சிற்றூர்' என்று வரும். சிறிய ஊர்! அர்த்தம் தெரிந்த கணத்திலிருந்து அந்த இரட்டை றகரத்தை எங்கள் திண்ணையில் யாரும் மறக்கவில்லை. கடைசியில் வரும் 'ர்' புள்ளி இல்லாமல் தனி உருவில் நிற்கும். ண், ன், ல், ள் இவற்றுக்கும் அப்படியே. சில்லு என்பார்கள். ஒன்று தெரிந்தால் மற்றவை தன்னால் பிடிபடும். பழைய புத்தகம் கையில் எடுத்து மிரளாதீர்கள். 1971 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் கூட்டெழுத்து அதிகம்.

நடுவில் விட்டுப்போனாலும் பயம் வேண்டாம். மாங்காய் சீசனில் நான் ஒரு மாசம் டப்பாவையே தொடவில்லை. 31 நாள் கழித்துத் திரும்பப் படித்தபோதும் எபிங்ஹாஸுக்கு முதல் தடவை ஆன நேரத்தில் 21 சதவீதம் மிச்சமானது, அதுவும் அர்த்தமில்லாத அசையில். நமக்கு அர்த்தமுள்ள ஊர்ப் பெயர். எனக்கு மூன்றே நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

அத்தைக்கு வயசு 63. பிறந்ததே இந்த ஊர், மலையாளம் என்னைவிட நன்றாகப் பேசுவார். தைமாசம் அவரும் அட்டை கேட்டார். வட்டமாக ஒரு எழுத்து இருக்கிறது, மூச்சு சேர்ந்த டகரம். சொல்லின் கடைசியில் வரும் 'ம்' என்பதும் அதே வட்டம்தான், ஆனால் சின்னது. நான் எவ்வளவு விளக்கியும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவரே பெயர் வைத்தார்: பெரியது தோசை, சின்னது பணியாரம். "பணியாரம்னாலே கடைசில 'ம்' வருதல்ல கண்ணு." அன்றைக்கு அந்த அட்டை இரண்டாம் டப்பாவுக்குப் போனது. இதுவரை ஃபெயில் ஆகித் திரும்பவில்லை.