வளைவில் கார் சரியுதா? பின் ஸ்டெபிலைசர் பாரைப் பாருங்கோ

ஏ9 வீதியில் நேரே போகும்வரை ஒன்றும் தெரியாது. மாங்குளத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பி ஒரு வளைவை எடுத்தால்தான் கார் சரியிறது விளங்கும். உடனே தடித்த ஸ்டெபிலைசர் பார் (சரிவைக் குறைக்க இடது, வலது சில்லுப் பக்கங்களை இணைக்கிற உருக்குக் கம்பி) வாங்க ஓடாதேங்கோ. பழைய பாரைப் பிடிச்சிருக்கிற ரப்பர் புஷ், அதின்ர முனைகளைச் சில்லுப் பக்கம் இணைக்கிற லிங்க் இரண்டையும் ஆட்டிப் பாருங்கோ. எங்கட கிரவல் ஒழுங்கைகளில் அவை கெதியாய்த் தேய்ஞ்சு போகும்.

மாற்றத்தான் வேணுமென்றால், சிவிக், சாதாரண லான்சர் போன்ற முன்சில்லு இழுக்கிற கார்களுக்குப் பின் பாரை மட்டும் தடிப்பாக்குங்கோ. முன் பாரைத் தடிப்பாக்கினால் வளைவில் மூக்கு வெளியே தள்ளுறது கூடத்தான் செய்யும். கோறையில்லாத பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும்: 20 மில்லிமீற்றரை 22 ஆக்கினாலே சுமார் 46 சதவீதம் கூடும். இரண்டு மில்லிமீற்றர்தானே என்று நினைச்சால் பிழைச்சுப் போகும். அளவு மிஞ்சினால் மாரி மழையில் பின்பக்கம் வழுக்கும், ஒரு சில்லு கிடங்கில் விழ மற்றப் பக்கமும் குலுங்கும். (இரவில் வீதியில் படுத்திருக்கிற மாடுகளுக்கு எந்தப் பாரும் உதவாது, அது வேற கதை.)

ரப்பருக்குப் பதிலாக பொலியூரித்தேன் (விறைப்பான பிளாஸ்டிக் வகை) புஷ் என்றால் சிலிக்கன் கிறீஸ் பூசுங்கோ, இல்லாவிட்டால் கிரீச்சிடும். நட்டுகளைக் கடைசியாக இறுக்கேக்க கார் நாலு சில்லிலும் நிற்கவேணும்.