நீளும் குற்றத் தொடர்கள் எங்கே சறுக்குகின்றன? எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு குற்றத் தொடர் முன்போல் இல்லை என்று பார்வையாளர்கள் பேசத் தொடங்கும் நேரத்தில், அதற்குக் காரணமான தவறு நடந்து ஒரு சீசனாவது கடந்திருக்கும். பழி வழக்கமாக விலகிப்போன நடிகர் மீது விழும், இல்லையென்றால் 'கதை தீர்ந்துவிட்டது' என்ற பேச்சின் மீது விழும். குற்றக் கதைகளுக்குப் பஞ்சம் வருவதே இல்லை. தீர்ந்துபோவது விளைவுதான். பாத்திரங்கள் தாங்கள் செய்ததற்கு விலை கொடுக்காமலே அடுத்த எபிசோடுக்குப் போகப் பழகிவிட்டால், எவ்வளவு நல்ல வழக்கை எழுதினாலும் அது மனதில் ஒட்டாது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றின் வெவ்வேறு முகங்கள். சில முடிவுகளைச் சொல்லாமல் இவற்றை விளக்க முடியாது என்பதால், இங்கே பேசப்படும் தொடர்களை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் கவனிக்கவும்.

பார்வையாளர் எண்ணிக்கையை அளவுகோலாக நம்புவது

'டெக்ஸ்டர்' 2006 முதல் 2013 வரை 8 சீசன்கள், 96 எபிசோடுகள் ஓடியது. மயாமி காவல்துறையின் ரத்தத் தடய நிபுணர், யாருக்கும் தெரியாமல் தொடர் கொலைகாரனாகவும் இருக்கிறான் என்பது கதை. முதல் நான்கு சீசன்களுக்குத் தலைமை எழுத்தாளராக இருந்த கிளைட் பிலிப்ஸ் அத்துடன் விலகினார். அதன் பிறகு தரம் இறங்கியது என்று சொல்லாத ரசிகர்கள் குறைவு. ஆனாலும் அந்தத் தொடரின் எபிசோடுகளிலேயே முதல் ஒளிபரப்பில் அதிகம் பேர் பார்த்தது, மிக அதிகமாகத் திட்டு வாங்கிய கடைசி எபிசோடைத்தான். சுமார் 28 லட்சம் பேர். ஏழெட்டு ஆண்டுகள் கூடவே வந்தவர்கள், பிடிக்காவிட்டாலும் முடிவைத் தெரிந்துகொள்ளாமல் போகமாட்டார்கள். சேனல் அறிக்கையில் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து எழுத்து அறை, அதாவது கூடி எழுதும் எழுத்தாளர் குழு, நிம்மதி அடைந்தால், சரிவு கண்ணுக்கே தெரியாது.

நம்பத்தகுந்த சோதனை திரைக்கதைக்குள்ளேயே இருக்கிறது. சீசனின் நடுவிலிருந்து ஒரு எபிசோடை எடுங்கள். ஒவ்வொரு காட்சியையும் நீக்கிவிட்டதாக வைத்துக்கொண்டு, பின்னால் வரும் ஏதாவது ஒரு காட்சி அதனால் உடைகிறதா என்று பாருங்கள். ஐந்தில் ஒரு காட்சிக்கு மேல் நீக்கியும் எதுவும் உடையவில்லை என்றால், கதை ஓடவில்லை, நேரம்தான் ஓடுகிறது.

விளைவைத் தள்ளிப்போடுவது

இதுதான் மிகப் பெரிய தவறு. நாயகனை மாட்டிக்கொள்ளும் விளிம்பு வரை கொண்டுபோய், அங்கே தற்செயலாக ஒரு கதவைத் திறந்துவிடுவார்கள். சாட்சி விபத்தில் இறப்பான், கோப்பு எரியும், சந்தேகப்படும் அதிகாரி வேறொருவன் கையால் சாவார். 'டெக்ஸ்டர்' இரண்டாம் சீசனில் உண்மையைக் கண்டுபிடித்த சார்ஜென்ட் டோக்ஸைக் கொல்லும் பொறுப்பு நாயகனுக்கு வரவே இல்லை, வேறொரு பாத்திரம் அந்த வேலையை முடித்துவைத்தது. அந்த ஒரு முறை அது பதற்றத்தோடு எடுபட்டது. அதே உத்தி சீசன்தோறும் திரும்பி வந்தபோது, இவன் மாட்டவே மாட்டான் என்று பார்வையாளர்கள் புரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு எந்தத் துரத்தலும் பயமுறுத்தாது.

'பிரேக்கிங் பேட்' இதை எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். 5 சீசன்கள், 62 எபிசோடுகள். நாயகன் ரகசியமாகப் போதைப்பொருள் தயாரிக்கும் ஒரு வேதியியல் ஆசிரியர். போதைப்பொருள் தடுப்பு அதிகாரியான அவருடைய சகலைக்கு உண்மை தெரியவருவது 54-ஆவது எபிசோடின் இறுதியில். மீதி எட்டு எபிசோடுகளும் அந்த ஒரு கணத்தின் விளைவுகள். கண்டுபிடிப்பையே கிளைமாக்ஸாக வைத்திருந்தால் அந்த எட்டும் கிடைத்திருக்காது.

எழுத்து அறைச் சுவரில் ஒரு பாக்கிப் பட்டியல் இருக்க வேண்டும். முக்கியப் பாத்திரம் செய்த ஒவ்வொரு தப்புக்கும் ஒரு வரி. அந்த வரியில் நான்கு கட்டங்கள்: யாருக்குத் தெரியும், யாருக்குச் சந்தேகம், என்ன ஆதாரம் மிச்சமிருக்கிறது, எந்த எபிசோடில் வெடிக்கும். நான்காவது கட்டம் ஒரு முழு சீசன் காலியாகவே கிடந்தால், அந்த இழையை வெடிக்கவிடுங்கள், இல்லையேல் பார்வையாளர் கண்ணெதிரே முடித்துவிடுங்கள். யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள். குற்றத் தொடர் பார்ப்பவர்கள் துப்புகளை ஞாபகம் வைத்துக்கொள்ளவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

விடை தெரியாமல் துப்பு தூவுவது

பல சீசன்களுக்கு நீளும் ஒரு மர்மத்தில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கும். ஒன்று, விடையை அளவுக்கு மீறி இழுப்பது. டென்மார்க்கின் 'ஃபோர்புருடெல்சன்' ஒரு பெண்ணின் கொலையை 20 எபிசோடுகளில், ஒரே சீசனில் முடித்தது. அதைத் தழுவி 2011-இல் வந்த அமெரிக்கத் தொடரான 'தி கில்லிங்', முதல் சீசனின் 13 எபிசோடுகளுக்குப் பிறகும் கொலையாளியைச் சொல்லவில்லை. விடை வர மொத்தம் 26 எபிசோடுகள் ஆயின. நீளம் தரும் வித்தியாசம் ஆறு எபிசோடுதான். பார்வையாளர்களின் கோபம் அதனால் மட்டும் எழவில்லை. சீசன் முடிவில் பதில் வரும் என்ற எதிர்பார்ப்பை வளர்த்துவிட்டு, அதைக் கொடுக்காமல் விட்டதால் எழுந்தது.

மற்றொன்று, கையில் அடுத்த கேள்வி இல்லாதபோது விடையைச் சொல்லிவிடுவது. 'ட்வின் பீக்ஸ்' தன் மையக் கொலையாளியை 1990 நவம்பரில், சேனலின் நெருக்குதலால், இரண்டாம் சீசனின் நடுவழியிலேயே வெளிப்படுத்தியது. அதன் பின் கதையைத் தாங்க வேறு தூண் இல்லை. 1991-இல் தொடர் நின்றது. முதல் கேள்விக்கு விடை வருவதற்கு மூன்று நான்கு எபிசோடுகள் முன்பே இரண்டாவது கேள்வி வேர்விட்டிருக்க வேண்டும், அதுவும் முதல் விடையிலிருந்தே முளைப்பதாக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டையும் தவிர்க்க ஒரே வழி, முதல் துப்பை எழுதும் முன் விடையை எழுதி வைப்பது. கொலையாளி யார், அன்று எங்கே இருந்தான், எதைத் தொட்டான், யாரிடம் என்ன பொய் சொன்னான் என்று இரண்டு பக்கம் போதும். 'யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்' என்று துப்புகளைப் பல ஆண்டுகள் தூவிக்கொண்டே போனால், கடைசியில் அவை எல்லாம் பொருந்துகிற ஒரு மனிதனே இருக்கமாட்டான். நடுவில் விடையை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், ஏற்கெனவே ஒளிபரப்பான துப்புகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் புதிய ஆளுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

ட்விஸ்ட் விஷயத்திலும் இதே ஒழுங்கு வேண்டும். 'டெக்ஸ்டர்' ஆறாம் சீசனில் கொலையாளியோடு எப்போதும் இருக்கும் பேராசிரியர் உண்மையில் அவன் கற்பனை என்று பிற்பாதியில் தெரியவரும். பலர் அதை முன்பே ஊகித்துவிட்டார்கள், ஏனென்றால் அவர் வேறு யாரிடமும் பேசுவதே இல்லை. ஒளித்து வைப்பதையே காட்சியமைப்பின் ஒரே வேலையாக்கினால், ஒளித்த இடம் துருத்திக்கொண்டு தெரியும்.

தடயவியல் கூடத்தை மந்திரக் கூடமாக்குவது

முதல் சீசனில் ஆய்வு முடிவுக்காகக் காத்திருப்பார்கள். ஐந்தாம் சீசனில் விளம்பர இடைவேளைக்குள் டிஎன்ஏ முடிவு வந்துவிடும். நேரம் மிச்சம் என்று நினைத்துச் செய்கிறார்கள், ஆனால் போவது கதையின் எரிபொருள்.

உண்மையில் நடப்பது இது. மாதிரியிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, அளவைக் கணக்கிட்டு, டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் முறையில் பெருக்கி, பிறகு பகுப்பாய்வுக் கருவியில் ஓட்டி, நிபுணர் படித்துச் சரிபார்க்க வேண்டும். அவசரமாகச் செய்தாலே ஒரு நாள் அளவுக்கு ஆகும், வரிசையில் காத்திருக்கும் மற்ற வழக்குகளைச் சேர்த்தால் வாரங்கள், மாதங்கள். சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு தரும் கருவிகள் உண்டு, ஆனால் அவை முக்கியமாகக் கன்னத்தின் உட்புறம் துடைத்தெடுத்த சுத்தமான மாதிரிக்கு உரியவை. பலர் தொட்ட கதவுப்பிடியின் கலப்பு மாதிரிக்கு அல்ல. கைரேகைக் கணினி ஒரே பெயரைச் சொல்லாது, ஒத்துப்போகக்கூடிய ரேகைகளின் பட்டியலைத் தரும், முடிவெடுப்பது மனித நிபுணர். செல்போன் கோபுரப் பதிவு ஒரு பரப்பைத்தான் காட்டும், வீட்டு எண்ணை அல்ல. உடல் விறைப்பு இறந்த சில மணி நேரத்தில் தொடங்கி, ஏறக்குறைய 12 மணி நேரத்தில் முழுமையாகி, பின் மெல்லத் தளரும். வெப்பம், உடல்வாகு, இறப்பதற்கு முந்தைய உடலுழைப்பு எல்லாம் இதை மாற்றும். 'இரவு 11:20-க்கு இறந்தார்' என்று உடலைப் பார்த்ததும் சொல்லும் மருத்துவர் திரையில்தான் இருக்கிறார்.

இந்த வரம்புகள் ஒவ்வொன்றும் ஒரு காட்சியைத் தருகின்றன. முடிவு வர மூன்று வாரம் என்றால், அதற்குள் அதிகாரி தவறான ஆளைக் கைது செய்யலாம், அந்த ஆளின் வேலை போகலாம், முடிவு வந்த பிறகும் அது திரும்பாமல் இருக்கலாம். இறந்த நேரம் நான்கு மணி நேர இடைவெளியாகக் கிடைத்தால், பாதி ஊரின் அலிபி, அதாவது அந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்தேன் என்ற சான்று, கேள்விக்குள்ளாகும். குறுக்குவழியில் போகும்போது இவை எல்லாமே காணாமல் போகின்றன.

ஒரே அச்சில் வழக்குகளை வார்ப்பது

அமெரிக்கச் சேனல்களில் ஒரு சீசனுக்கு 22, 24 எபிசோடுகள் என்பது நீண்ட நாள் வழக்கம். விளம்பரம் போக எபிசோடுக்கு ஏறத்தாழ 42 நிமிடம். அந்த வேகத்தில் எழுதுகிறவர்கள் கை பழகிய பாதையிலேயே போய்விடுவார்கள். முதல் சந்தேக நபர் நிரபராதி, இரண்டாமவர் வேறொரு சின்னக் குற்றத்தை மறைப்பவர், தொடக்கத்தில் ஓரிரு நிமிடம் தலைகாட்டிய பிரபல விருந்தினர் நடிகரே கொலைகாரர். ஒவ்வொரு எபிசோடுக்கும் நான்கு விவரம் குறித்து வையுங்கள்: கொலையாளிக்கும் இறந்தவருக்கும் என்ன உறவு, அவர் முதலில் தோன்றிய நிமிடம், கொன்ற காரணம், வழக்கை உடைத்த ஆதாரம். தொடர்ந்து மூன்று எபிசோடுகளில் ஏதாவது ஒரு விவரம் ஒன்றுபோல் இருந்தால் நான்காவது எபிசோடை மாற்றி எழுதுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் தப்பாமல் பயன் தரும்.

வழக்கு சலித்துவிட்டது என்று தோன்றும்போது அதிகாரியின் மகளைக் கடத்துவதும் இந்த வகைதான். ஒரு முறை பதறவைக்கும். மூன்றாவது முறை, அந்த நகரத்தில் வேறு மனிதர்களே இல்லையோ என்று தோன்றும். அதோடு, தன் குடும்பத்தார் சம்பந்தப்பட்ட வழக்கை ஓர் அதிகாரி விசாரிக்கவே கூடாது, தொடரின் மேலதிகாரிகள் அதை மறந்துபோவது அவர்களையும் பொம்மைகளாக்கிவிடும்.

போனவரின் நகலைத் தேடுவது

'லா அண்ட் ஆர்டர்' 1990 முதல் 2010 வரை 20 சீசன்கள் தொடர்ந்து ஓடியது. முதல் சீசனின் முக்கிய நடிகர்களில் ஒருவர்கூட 2000-க்குப் பின் அதில் நிரந்தரமாக இல்லை. பாதி எபிசோடு போலீஸ் விசாரணை, மீதி அரசு வழக்கறிஞர்களின் நீதிமன்றப் போராட்டம் என்ற அமைப்பே தொடரைச் சுமந்தது. ஜெர்மனியின் 'டாட்டோர்ட்' 1970-இலிருந்து வருகிறது, ஊருக்கு ஊர் வேறு விசாரணைக் குழு. மாறாக, ஒரு மனிதரின் பார்வையைச் சுற்றிக் கட்டிய தொடரில் அவர் போனால் பெரிய பள்ளம் விழும். தடயவியல் குழுவைப் பற்றிய 'சிஎஸ்ஐ'-இல் நாயகனாக நடித்த வில்லியம் பீட்டர்சன் 2009 ஜனவரியில் விலகியபோது அதுதான் நடந்தது. தொடர் 2015 வரை ஓடியது, ஆனால் மையம் இரண்டு முறை கை மாறியது.

புதியவருக்குப் போனவரின் பழக்கங்களைக் கொடுக்காதீர்கள். போனவர் குழுவில் செய்த வேலை என்ன என்று கேளுங்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகும் சந்தேகப்பட்டவரா, இறந்தவரின் வீட்டாரிடம் பேசத் தெரிந்தவரா? அந்த வேலையை ஏற்கெனவே இருக்கும் ஒருவருக்குக் கொடுத்து, அதில் அவர் திணறுவதை எழுதுங்கள். புதியவர் வேறு பலத்தோடும் வேறு குறையோடும் வரட்டும்.

தொடரை முடிக்கச் சொல்லும் சேனலின் கடிதம் வந்த பிறகே முடிவை எழுதுவது

கடைசி சீசன் என்று தெரிந்தும் கடைசி இரண்டு எபிசோடுகளுக்குள் எல்லாவற்றையும் அடைப்பதுதான் பலர் செய்வது. 'டெக்ஸ்டர்' எட்டாம் சீசன் புதிய பாத்திரங்களை அறிமுகப்படுத்துவதிலேயே பெரும்பகுதியைச் செலவிட்டு, இறுதியில் நாயகன் சாவை நடித்துக் காட்டிவிட்டு மரம் வெட்டப் போவதில் முடிந்தது. காவல்துறையில் அவனோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோருக்கு உண்மை தெரியவே இல்லை. 2021-இல் கிளைட் பிலிப்ஸ் திரும்பி வந்து, 10 எபிசோடுகள் கொண்ட ஒரு தொடர்ச்சியில் அவன் மகன் கையாலேயே அவனைச் சுட வைத்தார். 2025-இல் வந்த இன்னொரு தொடர்ச்சி அவன் பிழைத்துவிட்டான் என்றது. கொடுத்த விலையையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

கடைசி சீசனுக்கு 10 எபிசோடுகள் இருந்தால், பெரிய ரகசியம் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ உடையட்டும். புதிய வில்லன் வேண்டாம். பாக்கிப் பட்டியலில் மிச்சமிருப்பவர்களை வரிசையாக எடுங்கள்: ஏமாற்றப்பட்ட கூட்டாளி, தவறாகச் சிறை போனவர், பொய்யோடு வளர்ந்த பிள்ளை. ஒவ்வொருவருக்கும் நாயகனோடு நேருக்கு நேர் ஒரு முழுக் காட்சியை ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய நிமிடங்களில் துரத்தலையும் துப்பாக்கியையும் வையுங்கள்.