கொறடா செய்திகளில் சறுக்கும் இடங்கள்

நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தால்தான், அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று தன் கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவு போடும் கொறடா நமக்கு ஞாபகம் வருகிறார். கூடவே ‘உத்தரவை மீறினார், பதவி போச்சு’ என்ற பேச்சும் வந்துவிடும். அவ்வளவு சுலபமாகப் பதவி போகாது.

1985-இல் 52-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் சேர்த்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், கட்சி உத்தரவுக்கு எதிராக வாக்களிப்பதையும் வாக்களிக்காமல் ஒதுங்குவதையும் ஒன்றாகவே பார்க்கிறது. ‘எதிர்த்து வாக்களிக்கவில்லையே’ என்று தப்பிக்க வழியில்லை. ஆனால் மீறியவரை மன்னிக்கக் கட்சிக்கு 15 நாள் அவகாசம் உண்டு. மன்னிக்காவிட்டாலும் தகுதிநீக்கம் செய்வது கொறடா அல்ல. மக்களவையில் சபாநாயகர், மாநிலங்களவையில் அவைத்தலைவர். அந்த முடிவையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று 1992-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொறடாவை நியமிப்பது யார் என்பதிலும் குழப்பம் உண்டு. கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள் குழு அல்ல, அரசியல் கட்சிதான் என்று 2023-இல் மகாராஷ்டிர வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு ‘கொறடா உத்தரவு’ என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். அது ரகசிய வாக்கெடுப்பு. அங்கே கொறடாவுக்கு வேலையே இல்லை.

லண்டன் செய்தியை இந்தியக் கண்ணாடி போட்டுப் படிப்பது இன்னொரு சறுக்கல். 2019 செப்டம்பரில் அரசை எதிர்த்து வாக்களித்த 21 ஆளுங்கட்சி (கன்சர்வேட்டிவ்) உறுப்பினர்களிடமிருந்து ‘விப் பறிக்கப்பட்டது’ (விப் என்பது கொறடாவுக்கு ஆங்கிலச் சொல்). நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள், அவ்வளவுதான். உறுப்பினர் பதவி அப்படியே இருந்தது. அங்கே உத்தரவுத் தாளில் மூன்று கோடு அடித்திருந்தால், கட்டாயம் வந்தே ஆக வேண்டும் என்று பொருள்.

கொறடா என்ற சொல்லுக்கே சவுக்கு என்றுதான் பொருள். அதனாலோ என்னவோ, மிரட்டுவதுதான் அவர் தொழில் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் பாதி நேரம் தலை எண்ணுவதிலும், பின்வரிசையின் முணுமுணுப்பைத் தலைமையின் காதில் போடுவதிலும், எதிர்க்கட்சிக் கொறடாவோடு பேசி ‘உங்களில் ஒருவர் வராவிட்டால் எங்களிலும் ஒருவர் வரமாட்டார்’ என்று ஜோடி சேர்ப்பதிலும் போகிறது.

1979 மார்ச் 28 அன்று பிரிட்டனில் பிரதமர் கலகன் அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆளும் தொழிற்கட்சியின் ஆல்ஃபிரட் பிராட்டன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஜோடி கேட்டார் துணைக் கொறடா வால்டர் ஹாரிசன். இத்தகைய வாக்கெடுப்புக்கு ஜோடி கிடையாது என்ற எதிரணித் துணைக் கொறடா பெர்னார்ட் வெதரில், கொடுத்த வாக்குறுதிக்காகத் தானே வாக்களிக்காமல் இருப்பதாகச் சொன்னார். அதோடு அவருடைய அரசியல் வாழ்க்கை முடிந்திருக்கும். ஹாரிசன் வேண்டாம் என்றுவிட்டார். அரசு கவிழ்ந்தது 311-க்கு 310 என்ற கணக்கில்.