ஜப்பானிய முதியோர் இல்லங்களில் பராமரிப்புப் பணி: என்ன படித்திருக்க வேண்டும்?

ஜப்பானிய முதியோர் இல்லங்களில் ‘கைகோ’ எனப்படும் பராமரிப்புப் பணிக்குச் செல்ல விரும்புவோர் பெரும்பாலும் எந்தப் பட்டம் வேண்டும் என்றே முதலில் கேட்கின்றனர். 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த எஸ்.எஸ்.டபிள்யூ. (குறிப்பிட்ட திறன் பெற்ற தொழிலாளர்) விசாவுக்குப் பட்டமோ பட்டயமோ கட்டாயமில்லை. 18 வயது நிரம்பி, மூன்று தேர்வுகளில் தேறினால் விண்ணப்பிக்கலாம். ஆயினும் அவற்றுள் இரண்டு மொழித் தேர்வுகள் என்பதால், ஏஜென்சியைத் தேடும் முன்பே ஜப்பானிய வகுப்பில் சேர்ந்துவிடுவது நல்லது.

முதலாவது, ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்4 நிலை (ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவது) அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்னும் அடிப்படை ஜப்பானியத் தேர்வு. ஜே.எல்.பி.டி. சென்னையில் ஜூலை, டிசம்பர் மாதங்களில் நடைபெறுகிறது. ஒரு முறை தவறவிட்டால் அரையாண்டு போய்விடும். வினைச்சொல் இறுதியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின் ஒட்டுவது எனத் தமிழர்க்குப் பழகிய அமைப்பே ஜப்பானிய மொழியிலும் இருப்பதால் இலக்கணம் அவ்வளவாக அச்சுறுத்தாது. ‘கஞ்சி’ எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்தாம் சோதிக்கும். அவற்றை நாள்தோறும் எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாவது கைகோ திறன் தேர்வு. 60 நிமிடங்களில் 45 வினாக்கள்: 40 எழுத்து வினாக்கள், 5 செய்முறை வினாக்கள். தேற 60 விழுக்காடு வேண்டும். 40 எழுத்து வினாக்களில் பாதி, குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், சக்கர நாற்காலிக்கு மாற்றுதல் போன்ற அன்றாட உதவிகளைப் பற்றியவை என்பதால் அங்கேயே கூடுதல் நேரம் செலவிடுங்கள். இதற்கான பாடநூலை ஜப்பானியச் சுகாதார அமைச்சகம் ஆங்கிலத்திலும் இலவசமாக வெளியிட்டுள்ளது. மூன்றாவதான கைகோ மொழித் தேர்வில் 30 நிமிடங்களில் 15 வினாக்கள் வரும்; படுக்கைப் புண்ணுக்கு ‘ஜோகுசோ’, உணவு மூச்சுக்குழலுக்குள் செல்வதற்கு ‘கோஎன்’ என்பன போன்ற பணியிடச் சொற்களைத் தனி ஏட்டில் தொகுத்து வைப்பது உதவும்.

பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜி.என்.எம். முடித்தவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்: இந்த விசாவில் நீங்கள் செவிலியர் அல்லர், பராமரிப்பாளரே. ஜப்பானில் செவிலியராக, பொதுவாக ஜே.எல்.பி.டி.யின் மிக உயர்ந்த என்1 நிலை மொழித் தேர்ச்சியோடு அந்நாட்டுத் தேசியத் தேர்விலும் தேற வேண்டும். இதை மறைத்து, நர்ஸ் வேலை என்றே சொல்லி அழைக்கும் முகவரை நம்ப வேண்டாம்.

எஸ்.எஸ்.டபிள்யூ. முதல் நிலை விசா பொதுவாக ஐந்தாண்டுகளுக்கு உட்பட்டது. குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல இயலாது. எனவே, பணியில் சேர்ந்த நாள் முதலே ‘கைகோ ஃபுகுஷிஷி’ (சான்று பெற்ற பராமரிப்பாளர்) என்னும் தேசியத் தகுதியைக் குறிவைத்துப் படிக்க வேண்டும். மூன்றாண்டு பணி அனுபவமும், முன்தகுதி இல்லாதவர்க்கு 450 மணி நேரப் பயிற்சியும் முடித்தால் 125 வினாக்கள் கொண்ட அத்தேர்வை எழுதலாம். அயல்நாட்டவர் கோரினால், கஞ்சிகளுக்கு மேல் உச்சரிப்பு அச்சிட்ட வினாத்தாள் கிடைக்கும். தேறியவர் ‘கைகோ’ விசாவுக்கு மாறி, அதைப் புதுப்பித்துக்கொண்டே பணியாற்றலாம். துணையையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளவும் அப்போது வழியுண்டு.