மரம் ஏறி அறுக்குற வேலைக்கு மொதல்ல வாங்க வேண்டியது மிஷின் இல்ல

கஜா புயல் அடிச்சது 2018 நவம்பர் 16 விடியக்காலைல. அதுக்கு முன்னாடி எங்க ஊர்ல செயின்சா, அதான் மரம் அறுக்குற மோட்டார் ரம்பம், வச்சிருந்தது ஒரே ஒரு ஆளு, அடுத்த வாரம் பார்த்தா தெருவுக்கு ரெண்டு மிஷின் கத்துது. தென்னை பூரா சாஞ்சு கிடக்கு, ரோட்டுக்குக் குறுக்க புளியமரம், ஓட்டு வீட்டு மேல வேப்பமரம், யாருக்கும் ஒழுங்கா அறுக்கத் தெரியாது ஆனா எல்லாரும் அறுத்தோம். நானும் அப்படிக் கத்துக்கிட்டவன்தான். இப்ப பசங்க வந்து "அண்ணே எந்த மிஷின் வாங்கலாம்"னு கேக்குறாங்க, எந்தக் கயிறு வாங்கலாம்னு இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டதில்ல. அதனால நான் தலைகீழா கயித்துலேருந்து ஆரம்பிக்கிறேன்.

ஹார்டுவேர் கடைல கிலோ கணக்குல தர்றானே பச்சை, நீலம்னு பிளாஸ்டிக் கயிறு, அதுல ஆளு தொங்கவே கூடாது. ஆறு மாசம் வெயில்ல கிடந்த கயித்த உள்ளங்கைல வச்சுத் தேச்சுப் பாருங்க, சாக்பீஸ் மாதிரி பொடி ஒட்டும், அவ்வளவுதான் அதோட உசுரு. முடிச்சு ஓடி உரசுனா சூட்டுல இளகவும் செய்யும். என் மச்சான் ஒருத்தன் இப்படித்தான் நீலக்கயிறுல இடுப்பைக் கட்டிக்கிட்டு வேப்பமரத்துல நின்னான், கயிறு அறுந்தது, நல்லவேளை கீழ வைக்கப்போர், இல்லன்னா இந்தக் கதைய நான் சிரிச்சுக்கிட்டு சொல்ல முடியாது.

ஏறுறதுக்குன்னே கயிறு விக்குது. உள்ள ஒரு கரு, மேல பின்னின உறை, 11லேருந்து 13 மில்லிமீட்டர் தடிமன். லேபிள்ல ஈஎன் 1891 டைப் ஏ-ன்னு (அது ஐரோப்பியத் தர முத்திரை) இருந்தா குறைஞ்சது 22 கிலோநியூட்டன் தாங்கணும், நம்ம கணக்குல ரெண்டே கால் டன்னுக்கு கொஞ்சம் கம்மி. நான் 70 கிலோதானே எதுக்கு இவ்வளவுன்னு கேக்காதீங்க, முடிச்சு போட்ட இடத்துல பலம் குறையும், பழசாக ஆக இன்னும் குறையும், நாலடி விழுந்து வெடுக்குன்னு நிக்கும்போது அதே 70 கிலோ பல மடங்கா இழுக்கும். மலை ஏறுறவங்க கயிறு வேற, அது விழுந்தா ரப்பர் மாதிரி இழுபடுறதுக்குச் செஞ்சது, அதுல மரம் ஏறுனா ரெண்டடி ஏறுனா ஒரடி இறங்குவீங்க. நீளம் மரத்தோட உசரத்துக்கு ரெண்டு பங்காவது வேணும், கயிறு மேல போய் திரும்பி வரணும்ல.

பெல்ட் விஷயத்துலயும் இதே குழப்பம். கட்டட வேலைக்கு விக்கிற பெல்ட் முதுகுல வளையம் வச்சது, விழுந்தா புடிக்கும், ஆனா அதுல உக்காந்து வேலை செய்ய முடியாது. மரத்து பெல்ட்டுக்கு தொடைப்பட்டை இருக்கும், இடுப்புக்கு ரெண்டு பக்கமும் வளையம், முன்னாடி கயிறு மாட்ட ஒரு இடம். ரெண்டு பக்க வளையத்துல மாட்டி மரத்தச் சுத்திப் போடுறதுக்கு குட்டைக் கயிறு ஒண்ணு தனியா வேணும். மேல ரம்பம் ஓடுற நேரம் பூரா ரெண்டு கட்டு கட்டாயம், ஏறுன கயிறு ஒண்ணு, இந்தச் சுத்துக்கயிறு ஒண்ணு. ஏன்னா ஒண்ண நீங்களே அறுத்துடுவீங்க, அறுக்க மாட்டேன்னு சொல்றவன்தான் அறுப்பான். உள்ள ஸ்டீல் கம்பி வச்ச சுத்துக்கயிறு கிடைக்குது, கை ரம்பம் பட்டா தாங்கும், செயின்சா பட்டா ஒரு நொடி யோசிக்க டைம் குடுக்கும், அவ்வளவுதான். கரண்ட் கம்பி பக்கம் அத எடுத்துட்டே போகாதீங்க.

கயித்த மேல போடுறதுக்கு முன்னூறு கிராம் எடையுள்ள சின்ன பையும் மெல்லிசு நூலும் செட்டா விக்குது. நாங்க மொதல்ல பழைய சாக்ஸ்ல ஆத்துமணல் கட்டித்தான் எறிஞ்சோம், நல்லாவே போச்சு, ஆனா கவட்டைல மாட்டுனா வராது, மூணு சாக்ஸ் இன்னும் பெருமாள் கோயில் வேம்புல தொங்குது. கவட்டை எடுக்குறப்ப உசுரோட இருக்கிற கிளையா, குறைஞ்சது நாலு இஞ்ச் தடிமனா, தண்டோட ஒட்டுன இடமா பாருங்க. கயிறு விழுந்ததும் கீழயே ரெண்டு பேரு சேந்து தொங்கிப் பாருங்க, அப்புறம் ஒருத்தன் ஏறலாம். முருங்கை, ஒதியன், குல்மொஹர் இதெல்லாம் நம்ப வேணாம், ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

தென்னைக்கு இந்தக் கணக்கு வேற, அதுல கவட்டையே கிடையாது. கண்ணூர் பக்கம் செம்பேரில உருவான ஏறுற கருவி இருக்கே, கால்ல மிதிச்சு மிதிச்சுப் போறது, காய் பறிக்க அது அருமை. மேல நின்னு செயின்சா ஓட்டுறதுக்கு அது இல்ல. காலுல கட்டுற கூர் ஆணி, அது முழுசா வெட்டப்போற மரத்துக்கு மட்டும். கவாத்து பண்ற மரத்துல அதக் குத்திக்கிட்டு ஏறுனா ஒவ்வொரு ஓட்டையும் ஒரு புண்ணு, தென்னைல அந்தப் புண்ணு ஆறவே ஆறாது.

உடம்புக்கு, தாடைப்பட்டை உள்ள ஹெல்மெட், கண்ணுக்கு வலை, காதுக்கு மூடி. மிஷின் சத்தம் 100 டெசிபலுக்கு மேல, சாயங்காலம் காதுல ஙொய்ன்னு கேட்டா அது காது போய்க்கிட்டு இருக்குன்னு அர்த்தம். காலுக்கு முன்பக்கம் கட்டுற சாப்ஸ் இருக்கு. அதுல செயின் பட்டா துணி கிழிஞ்சு உள்ள இருக்கிற நீள நூலெல்லாம் செயினோட போய் பல்சக்கரத்துல சுத்திக்கிட்டு மிஷின நிறுத்திடும், அதான் அதோட வித்தை. நம்ம வெயில்ல அத மாட்டிக்கிட்டு நிக்கிறது கொடுமைதான், ஒத்துக்கிறேன், அதுக்காக லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிறதுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன்.

சரி இப்ப மிஷின். வீட்டுக்கும் கவாத்துக்கும் 30லேருந்து 35 சிசி போதும், ஸ்டில் எம்எஸ் 180 மாதிரி, அது 31.8 சிசி, பதினாலு இல்ல பதினாறு இஞ்ச் பார், அதான் செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு. புளி, வேம்பு அடிமரம் அறுக்கணும்னா 45 சிசிக்கு மேல போங்க. சின்ன மிஷின்ல பெரிய பார் மாட்டிக் கேக்காதீங்க, கடைக்காரர் மாட்டித் தருவாரு, மிஷின்தான் திணறும். மரத்து மேல ஓட்டுறதுக்குன்னு கைப்பிடி உச்சில வச்ச மிஷின் தனியா வருது, லேசா இருக்கும், ஒத்தக்கைல புடிக்கத் தோணும், ஆபத்தே அங்கதான். என்னக் கேட்டா மொத வருசம் மேல வளைஞ்ச கை ரம்பம் மட்டும் எடுத்துட்டுப் போங்க, இழுக்கும்போது அறுக்குற டைப்பு, மணிக்கட்டு தடிமன் கிளைக்கு மிஷின ஸ்டார்ட் பண்ற நேரத்துல வேலை முடிஞ்சிருக்கும்.

பெட்ரோல் கலவை பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. கம்பெனி டூ ஸ்ட்ரோக் ஆயில்னா 50க்கு 1, ஒரு லிட்டருக்கு 20 மில்லி. சாதா 2டி ஆயில்னா 25க்கு 1, அதாவது 40 மில்லி. உங்க மிஷின் புக்குல என்ன போட்டிருக்கோ அதான் கடைசி வார்த்தை. கண்ணால பார்த்து ஊத்தாதீங்க, மருந்துக்கடைல சிரிஞ்ச் வாங்கி அளந்து ஊத்துங்க. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, அது ஈரத்த இழுக்கும், ரொம்ப நாள் டேங்குல கிடந்தா கார்பரேட்டர்ல இருக்கிற மெல்லிசு ரப்பர் விறைச்சுப் போயிடும். ஒரு மாசம் எடுக்க மாட்டோம்னா டேங்க காலி பண்ணி, தானா ஆஃப் ஆகுற வரைக்கும் ஓட விட்டு வைங்க. செயினுக்கு ஊத்துற ஆயில் தனி, பைக்ல வடிச்ச கருப்பு ஆயில ஊத்துறது நம்ம ஊர் வழக்கம், அதுல இருக்கிற உலோகப் பொடி ஆயில் பம்ப்ப தின்னுடும். ஆயில் வருதான்னு பாக்கணுமா, பார் நுனிய ஒரு அட்டைக்கு நேரா காட்டி ஆக்சிலேட்டர் குடுங்க, கோடு மாதிரி தெறிக்கணும்.

அரம் போடுறது, பாதிப் பேரு கோட்டை விடுறது இங்கதான். செயின் நல்லா இருந்தா மரத்துலேருந்து அவல் மாதிரி செதில் செதிலா விழும், மாவு மாதிரி விழுந்துச்சுன்னா மழுங்கிப் போச்சு. அப்ப நீங்க மிஷின அமுக்குவீங்க, பார் சூடாகும், புகை வரும், கை சோந்து போகும், தப்பு நடக்குறது அந்த நேரத்துலதான். சின்ன மிஷின் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம், பெரிய செயினுக்கு 4.8, 5.2ன்னு போகும், செயின் டப்பாலயே இருக்கும். பார இறுக்கிப் புடிச்சு, 30 டிகிரி சாய்வுல, உள்ளேருந்து வெளிய மட்டும் தள்ளணும், திரும்ப இழுக்கும்போது அரம் பல்லுல படக்கூடாது. எல்லா பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, மூணுன்னா மூணு. ஒரு பக்கத்து பல்லு எல்லாம் முடிச்சுட்டு மறுபக்கம் வாங்க. நமக்கு வலது கை வாட்டம் ஜாஸ்திங்கிறதால ஒரு பக்கம் அதிகமா தேயும், அப்புறம் மிஷின் ஏன் கோணலா அறுக்குதுன்னு ஷோரூமுக்கு தூக்கிட்டு ஓடுவோம், நான் ஓடியிருக்கேன். நாலஞ்சு தடவை அரம் போட்டதும் பல்லுக்கு முன்னாடி இருக்கிற மொட்டையவும் தட்டை அரத்துல கொஞ்சம் தேக்கணும், பல்லுக்கும் அதுக்கும் 0.65 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தா போதும், அதுக்கு மேல தேச்சா மிஷின் கடிச்சு இழுக்கும்.

ஸ்டார்ட் பண்றப்ப மிஷினக் கீழ வச்சு பின் கைப்பிடிக்குள்ள பூட்ஸ வச்சு மிதிச்சு, செயின சுத்த விடாம புடிக்கிற செயின் பிரேக்கப் போட்டு இழுங்க. அந்தரத்துல வீசி ஸ்டார்ட் பண்றது சினிமாவுக்கு. பாரோட நுனில மேல் பக்க கால்வாசி எதுலயும் படக்கூடாது, பட்டா மிஷின் மூஞ்சிக்கே எகிறும், கண்ணிமைக்கிறதுக்குள்ள. இடது கை கட்டைவிரல் கைப்பிடியச் சுத்தி இருந்தாதான் அத அடக்க முடியும்.

கிளை அறுக்குறது மூணு வெட்டு. தண்டுலேருந்து ஒரு அடி தள்ளி கீழேருந்து கால்வாசி, அதுக்கு ரெண்டு விரல் வெளிய மேலேருந்து, கிளை விழுந்துடும், மிச்ச குச்சிய கடைசியா. கீழ வெட்டு போடாம மேலேருந்து மட்டும் அறுத்தா கிளை தொங்கி, தண்டுத் தோலை முழம் நீளத்துக்கு வாழைநார் மாதிரி உரிச்சுக்கிட்டுப் போகும், சில சமயம் நீங்க நிக்கிற பக்கமா. கடைசி வெட்ட தண்டோட ஒட்டி வழிக்காதீங்க. கிளை ஆரம்பிக்கிற இடத்துல ஒரு வீக்கம், கழுத்து மாதிரி மடிப்பு தெரியும், அதுக்கு வெளிய அறுத்தா மரம் தானே மூடிக்கும். அமெரிக்க வனத்துறைல இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரத்த நெடுக்க அறுத்துப் பார்த்து சொன்னது இதுதான், மரம் புண்ண ஆத்துறதில்ல, சுவர் கட்டி அடைக்குது, நாம அந்தச் சுவரு வர்ற இடத்த வெட்டிடக்கூடாது. தார் பூசுறது பெயிண்ட் அடிக்கிறதெல்லாம் பெருசா உதவாது.

புயல்ல விழுந்த மரம்னா எந்தப் பக்கம் அமுங்கியிருக்கு எந்தப் பக்கம் இழுத்து நிக்குதுன்னு பாக்காம மிஷின வைக்காதீங்க. அமுங்குன பக்கம் கொஞ்சம் அறுத்துட்டு இழுத்த பக்கம் வாங்க. வேரோட பெயர்ந்த மரத்துல தண்ட அறுத்ததும் வேர்க்கட்டி பழையபடி குழிக்குள்ள திரும்பி உக்காரும், அந்தக் குழிக்குள்ள எந்தப் புள்ளையும் விளையாடாம பாத்துக்குங்க. கம்பி பக்கத்துல மரம்னா ஈபி ஆபீஸ்ல சொல்லி லைன நிறுத்தி, வயர்மேன் வந்து நின்னாதான் ஏறணும். வீட்டு ஃபியூஸ புடுங்குறது லைன் ஆஃப் ஆகாது, பச்சைக்கிளைல கரண்ட் நல்லாவே ஓடும்.

அறுக்குறதுக்கு முன்னாடி ரோட்டோர வேம்பு, புளியெல்லாம் ஒரு சுத்து சுத்திப் பாருங்க, விளம்பரத் தட்டி அடிச்ச ஆணி, ஊஞ்சல் கட்டுன கம்பி தோலுக்குள்ள முழுங்கியிருக்கும். ஒரு ஆணி, செயின் காலி.

வேலை முடிஞ்சு வந்து எடுத்து வைக்கிறது, பெட்ரோல் கேனும் கயிறும் ஒரே சாக்குல வரக்கூடாது, இன்வெர்ட்டர் பேட்டரி பக்கத்துலயும் வேணாம், ஆசிட் பட்ட கயிறு பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும். மாசம் ஒருதடவ முழுக் கயித்தையும் விரலுக்கு நடுவுல விட்டு உருவிப் பாருங்க, எங்கயாவது மெத்துன்னு அமுங்குனாலோ கட்டி தட்டுப்பட்டாலோ அங்கயே வெட்டிடுங்க, மிச்சம் கிளை இறக்க ஆகும். என் மிஷின் மாட்டுக்கொட்டாய்லதான் கிடக்கு, கயிறு வீட்டுக்குள்ள நிழல்ல ஆணில தொங்குது, அதுல துணி காயப்போட்டதுக்கு ஒருநாள் பெரிய சண்டையே நடந்துச்சு, இப்ப அந்தப் பக்கம் யாரும் போறதில்ல.