கல்வெட்டு மைப்படி: முதன்முறை எடுப்பவர்களுக்கு

கல்லில் நனைத்த தாளை ஒட்டி, அதன்மேல் மை ஒத்தி எழுத்தைப் படியெடுப்பதே மைப்படி. புதுச்சேரிப் பகுதியிலுள்ள பாகூர் மூலநாதர், திருபுவனை வரதராசப் பெருமாள் கோயில்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. எழுத்துமூல அனுமதியின்றி அங்கே தாள் ஒட்டக்கூடாது. பழகுவதற்கு ஏரிக்கரையிலோ வரப்பிலோ நிற்கும் தனிக்கல்லே போதும். அதற்கும் நிலத்துக்காரரிடமும் ஊராரிடமும் சொல்லிவிட்டுக் கை வையுங்கள். புதுச்சேரிக் கல்வெட்டுகளைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. ஏற்கெனவே படிக்கப்பட்ட கல்லா என்று அதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் படம். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், மேற்பரப்பை உரசுவதுபோலச் சாய்த்துப் பிடித்தால் எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழும். நான்கு பக்கமிருந்தும் எடுங்கள், ஓரத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். சாக்பீஸால் எழுத்தை வரையாதீர்கள். வரைந்தவர் ஊகம்தான் படத்தில் பதியும். கல் பொருக்குவிட்டு உதிர்ந்தால் படத்தோடு நிறுத்திவிடுங்கள்.

இனி மைப்படி. மென்மையான பிரஷ், தண்ணீர் இரண்டும் கொண்டு பாசியை நீக்குங்கள். கம்பி பிரஷ், ஆசிட் கூடவே கூடாது. மேப்லித்தோ தாளை (பளபளப்பில்லாத அச்சுத் தாள்) நனைத்துக் கல்லில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். அடர்ந்த பிரஷால் நேர்க்குத்தாகத் தட்டினால் தாள் பள்ளத்தில் இறங்கும். சாய்த்துத் தட்டினால் கிழியும். நீண்ட கல்வெட்டென்றால் அடுத்த தாள் இரண்டு விரற்கடை மேலேறி நிற்கட்டும்.

தாளின் ஈரப் பளபளப்பு போனதும் மை. விளக்குக் கரியும் பிசினும் குழைத்த மையைத் துணியில் பொதிந்த பஞ்சில் தொட்டு, வேறு தாளில் ஒத்திப் பார்த்துவிட்டு, மெல்ல மெல்ல ஒத்துங்கள். அவசரம் இங்கேதான் கெடுக்கும்: மை நீர்த்திருந்தால் தாளை ஊடுருவிக் கல்லையே கறுப்பாக்கிவிடும். சரியாக வந்தால் கறுப்பில் வெள்ளை எழுத்து, இடவலம் மாறாமல் தெரியும். தாள் முக்கால்வாசி காய்ந்ததும் உரித்து, பின்புறம் பென்சிலால் இடம், திசை, தேதி, தாள் எண் எழுதுங்கள்.

படிக்கும்போது பழைய கல்வெட்டில் மெய்யெழுத்தின் புள்ளியைத் தேடாதீர்கள், பெரும்பாலும் இராது. காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம். முன்பின் சொல்தான் பிரித்துக் காட்டும். ‘யாண்டு’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது: முன்னால் அரசன் பெயர், பின்னால் அவனது ஆட்சியாண்டு.

படங்களை, யாரும் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். கேட்பாரற்ற கல்லென்றால் ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள், வரைபடப் புள்ளி வேண்டாம். எழுத்திருந்தால் அடியில் புதையலிருக்கும் என்று தோண்டுகிறவர்கள் இன்னமும் உண்டு. துல்லியமான இடத்தைத் தொல்லியல் துறைக்கு எழுதும் கடிதத்தில் தெரிவித்தால் போதும்.